மேலே எழுதாத சின்னம்மா

எங்கள் வீட்டு அடுப்படியில் மிளகாய்த்தூளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருப்பது நல்லது. படிக்கத் தெரிந்தவர்கள் திண்டாடிப் போவார்கள். ஒரு பிஸ்கட் டின்னில் மேலே ‘சீனி’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதன் கீழே ‘கடலைப் பருப்பு’ என்று இன்னொன்று. அதற்கும் கீழே, இடம் போதாமல் டின்னின் அடிப்பக்கத்துக்கு வளைந்துகொண்டு, ‘மிளகாய்’. திறந்து பார்த்தால் உள்ளே மல்லித்தூள் இருக்கும். மல்லிக்குச் சீட்டு ஒட்ட டின்னில் இடமில்லை என்பது சின்னம்மாவின் விளக்கம்.

பழைய சீட்டைக் கிழித்தால் என்ன, இல்லை அதன் மேலேயே புதுச் சீட்டை ஒட்டினால்தான் என்ன என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு.

“இருக்கறது இருக்கட்டும்லா.”

இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போனது. தலைவலிக்கும் இதே பதில், தண்டவாளம் மாதிரி நீண்டு கிடந்த எங்கள் சண்டைகளுக்கும் இதே பதில்.

சின்னம்மா என்றதும் அம்மாவின் தங்கை என்று நினைக்க வேண்டாம். அம்மா இறந்த பிறகு அப்பா கட்டிக்கொண்டு வந்தவர். எழுபதுகளின் நடுவில், நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, மலேசியாவில் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இருந்த எங்கள் பலகை வீட்டுக்கு ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினார். அப்பா அப்போது ஈப்போவுக்கும் ஆயர் தாவாருக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சின்னம்மா ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டும் அப்பா அம்மாவோடு விடியற்காலையில் மரத்துக்குப் போய், பிறகு எப்படியோ படித்து ஈப்போவில் ஒரு தோட்டக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலைக்கு வந்தவர்.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். மாற்றாந்தாய் வந்தால் முதலில் படத்தைக் கழற்றுவாள், அடுத்து சேலையையெல்லாம் எடுத்துக் கட்டிக்கொள்வாள், அதற்கடுத்து பிள்ளையை அடிப்பாள் என்று எதிர்வீட்டு அக்கா வரிசையாகச் சொல்லி வைத்திருந்தார். நானும் தயாராகத்தான் இருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் என் தொல்லையே.

அம்மாவின் அலமாரியை அவர் திறக்கவே இல்லை. தன் சேலைகளைச் சூட்கேசிலேயே வைத்துக்கொண்டார், வருஷக்கணக்காக. அம்மா புழங்கிய அம்மியைத் தொடாமல் பக்கத்தில் தனக்கென்று இன்னோர் அம்மி வாங்கிப் போட்டார். திரும்ப இடமில்லாத அடுப்படியில் இரண்டு அம்மி. அப்பா இடித்துக்கொள்ளாத கால்விரல் கிடையாது. அம்மா கடைசியாக மாட்டிய காலண்டரின் மேல் புதுக் காலண்டரை மாட்ட மனசு வராமல், பக்கத்தில் ஓர் ஆணி அடித்தார். அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி. இது வீடா, காலண்டர் கடையா என்று தபால்காரரே கேட்டிருக்கிறார்.

அடுப்படியில் மேல்தட்டு அம்மாவுடையது. அதில் குங்குமச் சிமிழும் ஒரு வெண்கலக் கரண்டியும் இருந்தன. சின்னம்மா வந்த முதல் வாரத்திலேயே அங்கே ஒரு மங்கு கவிழ்ந்து உட்கார்ந்துவிட்டது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்க வைக்கும் கோப்பையைத் தோட்டத்தில் மங்கு என்பார்கள். மரத்தில் அது கவிழ்ந்திருந்தால் அந்த மரத்துக்கு வெட்டு இல்லை என்று பொருள். பால் வெட்டுகிறவர் ஒன்றும் கேட்காமல் அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போக வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். நான் அம்மாவின் சிமிழிலிருந்து பொட்டு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால்கூட அந்த மங்கு என்னை முறைக்கும்.

ஒரு முறை காய்ச்சலில் கிடந்தேன். சின்னம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கஞ்சி ஊட்டினார். நான் ‘அம்மா’ என்று கூப்பிட்டேன். வாய் தவறி அல்ல, வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன். முந்தின நாளிலிருந்தே போர்வைக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

“அந்தப் பேர் இருக்குலா. அது உங்கம்மாவோடது. எனக்கு வேற வை.”

“வேற என்னா வைக்கறது?”

“சின்னம்மா இருக்குல்ல. அத யாரும் எடுக்கல.”

அப்புறம் மறுபடியும் ஊட்ட ஆரம்பித்துவிட்டார். கஞ்சி நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு ஓர் அம்மா வேண்டியிருந்தது. தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்து வாத்தியாரிடம் சண்டை போட்டு, என் துணியைத் துவைத்து, அந்த வேலையையெல்லாம் செய்துகொண்டு ஒருவர் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறார். அந்த இடத்தில் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அவர் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. அந்தப் பெயர் அவருடையது இல்லை. அவருக்கு முன்னால் பிறந்த அக்கா கைக்குழந்தையாகவே இறந்துவிட்டாள். இறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. அடுத்த பெண் பிறந்தபோது, பிறப்புப் பத்திரம்தான் ஒன்று இருக்கிறதே, இன்னொன்றுக்கு எதற்கு டவுனுக்கு அலைய வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்ல, சின்னம்மாவின் அப்பாவும் தலையாட்டிவிட்டார். ஆக, சின்னம்மாவின் அடையாளக் கார்டில் இருப்பது அக்காவின் பெயர், அக்காவின் வயது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. அவர் இதை மறைத்ததும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கிறவர் வயது கேட்டால்கூட இரண்டு வயது சொல்வார், ஒன்று அக்காவுடையது, ஒன்று தன்னுடையது. கேட்டவர் நகர்ந்து நின்றுகொள்வார். பின்னாளில் அவர் இறந்தபோது கருமாதிப் பத்திரிகையில் போட்டதும் அக்காவின் பெயரைத்தான்.

வயது விவகாரத்தில் எனக்கு ஒரு நாள் வெட்கம் தாங்காமல், எதற்கு ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

“எங்கக்கா மேல என்னைய எழுதிட்டாங்கடி. அவள ஒருத்தரும் கேக்கல. நானாவது சொல்லணும்ல?”

எனக்கு உடனே எல்லாம் புரிந்து, மனசு இளகிப்போனது என்று சொன்னால் அது பொய். புரிந்தது. புரிந்த பிறகும் மிளகாய்த்தூள் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை அவரே தன் அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். வீட்டில் பட்டது போதாதென்று ஆபீசிலும் படுகிற யோகம் எனக்கு இருந்திருக்கிறது. அங்கே அவர் கம்ப்யூட்டர் பகுதியில் மூத்தவர். நான் சேருவதற்கு முன்னால் எல்லாம் அட்டைக் காலம். தோட்டங்களிலிருந்து வரும் கணக்கை அட்டையில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு மெஷினுக்குக் கொடுப்பார்கள். போட்ட ஓட்டை போட்டதுதான், அதை அடைக்க முடியாது. தப்பென்றால் புது அட்டை எடுக்க வேண்டும். பழைய அட்டை பெட்டியில் பத்திரமாக இருக்கும். சின்னம்மாவுக்கென்றே கண்டுபிடித்த தொழில்.

எண்பதுகளின் நடுவில் மேசை மேல் வைக்கும் கம்ப்யூட்டரும், கறுப்பு அப்பளம் மாதிரி டிஸ்குகளும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு தோட்டத்திலும் அந்த மாதம் எவ்வளவு ரப்பர் பால் இறங்கியது என்பதை உள்ளே ஏற்றினால், கூட்டிக் கழித்து ஒரே அறிக்கையாகச் செய்து கொடுக்கும் புரோகிராம் ஒன்றும் கூடவே வந்தது. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வரியாக அடிக்க வேண்டும். முதலில் புரோகிராமின் பெயர், ஓர் இடம் விட்டு எடுக்க வேண்டிய கோப்பின் பெயர், இன்னோர் இடம் விட்டு எழுத வேண்டிய கோப்பின் பெயர். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், இருக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அப்படியே சின்னம்மாவின் குணம்.

அதற்கு மேல் போக வேண்டுமானால் வரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து சேர்க்க வேண்டும். ஆர் போட்டால் பழையதை அழித்துவிட்டு அதே பெயரில் எழுதும். ஏ போட்டால் பழையதின் வாலில் புதியதை ஒட்டும். கே போட்டால் பழையதைத் தொடாமல், பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்து வேறொன்று திறக்கும். மூன்றும் மூன்று வேலைக்கு. சின்னத் திருத்தம் என்றால் ஆர் போட்டு முடித்துவிட வேண்டியதுதான் என்று, புரோகிராமைக் கொண்டுவந்த ஆளே தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னம்மா கே ஒன்றைத் தவிர மற்ற இரண்டையும் எங்கள் அறைக்குள் விடவில்லை. ஒரு புள்ளி தப்பாக விழுந்திருந்தாலும் கே. தோட்டத்தின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கே. அறிக்கை ஒன்று, அறிக்கை இரண்டு என்று போய், மாதக் கடைசியில் டிஸ்க் நிறைந்து, மெஷின் மூச்சு முட்டி நிற்கும். புது டிஸ்க் கேட்டு ஸ்டோருக்கு நடப்பது என் கால்கள். போதாததற்கு, டிஸ்கின் ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டை ஒரு சீட்டால் மூடிவிட்டால் அதில் யாராலும் எழுத முடியாது என்பதையும் யாரோ அவருக்குச் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த டிஸ்கை எடுத்தாலும் ஓரத்தில் ஒட்டு. அந்த டிஸ்குகளை அடுக்கிய பெட்டியின் மேல், நான் சொல்ல வேண்டியதே இல்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்னொரு மங்கு கவிழ்ந்திருக்கும்.

ஏ போட்டு வாலில் ஒட்டினால் பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும், டிஸ்கும் மிச்சமாகும் என்று ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் நான் வாதாடினேன். எது யாரோடது என்று அதற்கே தெரியாமல் போய்விடும் என்றார். எங்கள் வீட்டில் ஆரும் ஏயும் கேயும் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி புழங்கின. பஸ் ஓட்டும் அப்பாவுக்கே அத்துப்படி. எங்கள் சண்டை முடியும்வரை குழம்பைப் பிசைந்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

எங்கள் மேனேஜர் ஒரு சீனர். நல்ல மனிதர், வயிற்றுப்புண்காரர். மாதக் கடைசியில் திரையில் வரிசையாக நிற்கும் கோப்புகளைப் பார்த்துவிட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “யாங் மானா சாத்து?” என்று கேட்பார். இதில் எதுதான் என்று மலாயில் கேட்கிறார். கடைசி எண்தான் என்று சின்னம்மா சொல்வார். ஆனால் சில சமயம் கடைசி எண் இன்னொரு டிஸ்கில் இருக்கும். ஒரு மாதம் சின்னம்மாவும் நானும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவரே ஒன்றை அச்சடித்து கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார். அது முதல் பிரதி. அதில் ஒரு தோட்டத்துக்கு ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருந்தது. மேலிடத்திலிருந்து அந்தத் தோட்டத்து மேனேஜருக்கு ஃபோனில் பாராட்டு வந்தது. மனிதர் ஸ்டாஃபைக் கூப்பிட்டு விருந்தே வைத்துவிட்டார். பிறகு உண்மை தெரிந்தபோது விருந்து சாப்பிட்டவர்கள் முதல் பரிமாறியவர்கள் வரை எல்லாருக்கும் அவமானம்.

எங்கள் மேனேஜர் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கே உத்தரவு. இனி ஒரு மாதத்துக்கு ஓர் அறிக்கை, ஒரே கோப்பு, திருத்தம் வந்தால் ஆர். மறுபேச்சு கிடையாது. நான் உள்ளுக்குள் கற்பூரம் ஏற்றினேன்.

சின்னம்மா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த திருத்தம் வந்ததும் மெஷினில் உட்கார்ந்து, பழைய கோப்பை ஒரு முறை முழுக்கத் திரையில் ஓட்டிப் பார்த்தார். கூட்டுத்தொகையில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறதோ. பிறகு வரியை அடித்தார். சாய்கோடு போட்டார். ஆர் போட்டார். எழுந்து நின்றார்.

“நீ அமுக்கு.”

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் என்டர் விசையை அமுக்கினேன். ஒன்றும் இடி விழவில்லை. அதற்குப் பிறகு, எத்தனை ஆர் வந்ததோ அத்தனைக்கும் என் விரல்தான். நான் மேல்மாடியில் வேறு வேலையாக இருந்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். சம்பளம் அவருக்கு, பாவம் எனக்கா என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கையில்தான் ஈப்போவிலேயே சிலிபின் பக்கமிருந்து எனக்கு மாப்பிள்ளை வந்தார். சின்னம்மா ஆலாய்ப் பறந்தார். புடவை எடுக்க அலைந்தது அவர், சமையல்காரரிடம் மல்லுக்கு நின்றது அவர், மாப்பிள்ளை வீட்டாரின் காதில் விழாதபடி என்னைத் திட்டியதும் அவர். ஆனால் மணவறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு விலகிவிட்டார். எங்கள் வழக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அப்பா பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, அம்மா பக்கத்தில் இருந்து சொம்பு நீரை ஊற்றுவார். அது உங்கம்மாவின் இடம், நான் உட்கார மாட்டேன் என்று சின்னம்மா சொல்லிவிட்டார். பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து செய்யட்டுமாம். சுங்கை சிப்புட்டில் இருந்த பெரியம்மா அடுத்த நாளே ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என்னை வளர்த்தவர் பெரியம்மா இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு வந்து, நான் கறுத்துப் போய்விட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர். என்னைக் கொடுக்கிற கை சின்னம்மாவின் கையாக இருக்க வேண்டும். அதற்காக அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், கல்யாணமே வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு படி இறங்கி வந்தார். அம்மாவையே கேட்டுவிடலாம், பூக் கட்டிப் பார்க்கலாம் என்றார்.

ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் வீட்டில் சாமிக்குப் பதில் அம்மாவின் படம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் விளக்கேற்றி, அப்பாதான் பின்கட்டில் உட்கார்ந்து மடித்துக் கொண்டுவந்து வைத்தார். சின்னம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ எடு.”

அதுவும் என் விரல்தான். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். சின்னம்மா இன்னொரு மடிப்பை எடுத்து நூலைப் பிரித்தார். எதையும் பார்க்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லையே. அதிலும் நந்தியாவட்டை.

அப்பா மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தார்.

“என்னங்க, இது என்னா? ஆர் போட்டுட்டீங்களா?”

அப்பா காற்றாடியிலிருந்து கண்ணை இறக்கி அம்மாவின் படத்தைப் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, எங்கள் சண்டையில் வாய் திறந்தார்.

“அவ வேணாம்னு சொல்ல மாட்டா. அவள எனக்குத் தெரியும். அப்புறம் எதுக்குச் செவப்பு?”

சின்னம்மாவின் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. எழுந்து வேலியோரம் போய் ஒரு செம்பருத்தியைப் பறித்துக்கொண்டு வந்தார்.

“கேள்வின்னா ரெண்டு பதிலும் உள்ளுக்கு இருக்கணும்லா. இல்லன்னா அது கேள்வி இல்ல,” என்று சொல்லியபடியே, ஒரு வெற்றிலையில் வெள்ளையையும் மற்றதில் சிவப்பையும் மடித்து, நூல் சுற்றி, முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டு அம்மாவின் முன்னால் வைத்தார். “இப்ப எடு.”

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

“இந்த வாட்டி என் விரல் வராது. ஆபீஸ்ல நீங்க சொன்னதுக்கெல்லாம் அமுக்குனேன். இதுக்கு அமுக்க மாட்டேன். எனக்கு எங்கம்மாவும் வேணும், நீங்களும் வேணும். இதுல யாரக் கேக்கணும்?”

அவர் எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா மறுபடியும் காற்றாடிக்குப் போய்விட்டார். தானே எடுப்பார் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. இரண்டு மடிப்பையும் பிரிக்காமல் கொண்டுபோய் அடுப்படி மேல்தட்டில் வைத்து, அவற்றின் மேல் மங்கைத் தூக்கிக் கவிழ்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உட்காருவாரா மாட்டாரா என்று கேட்டால், முறுக்குக்கு மாவு பத்தாது போலிருக்கு என்பார். அன்றிலிருந்து கல்யாணம்வரை நான் எப்படித் தூங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

முகூர்த்தம் கோயில் மண்டபத்தில். மணவறையில் உட்கார்ந்திருந்த நான் மாப்பிள்ளையைப் பார்த்ததைவிட சமையல்கட்டு வாசலைப் பார்த்ததுதான் அதிகம். ஐயர் பெண்ணைப் பெற்றவர்களைக் கூப்பிட்டார். அப்பா தனியாக வந்து உட்கார்ந்தார். முன்வரிசையில் பெரியம்மா புது ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். யாருக்கும் எதிலும் இல்லை என்று சொல்லாத என் அப்பா திரும்பி, “செத்த இருங்கண்ணி,” என்றார். பெரியம்மா பாதி எழுந்தபடியே நின்றார். நாதஸ்வரக்காரர் என்ன வாசிப்பதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

சின்னம்மா சமையல்கட்டுப் பக்கமிருந்து வந்தார். சூட்கேசிலிருந்து எடுத்த பட்டுப்புடவை, மடிப்புக்கூடக் கலையவில்லை. நேராக மணவறை ஏறினார். அப்பாவுக்குப் பக்கத்தில், ஆனால் பக்கத்தில் இல்லை. நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு இடத்தை விட்டுவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

ஐயர் கிட்டே வரச் சொன்னார். ஃபோட்டோக்காரர் கையை ஆட்டினார். முன்வரிசையில் கிசுகிசுத்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே, வாங்க சின்னம்மா என்றேன்.

“எட்டும்லா, நான் ஊத்துறேன். இது இருக்கட்டும்,” என்றார் அந்தக் காலி இடத்தைப் பார்த்து.

எட்டவில்லை. உடம்பை வளைத்து, கையை முழுக்க நீட்டி ஊற்றியதில் பாதித் தண்ணீர் எங்கள் கைகளில் விழுந்தது, பாதி என் கூரைப்புடவையில் கொட்டியது. நனைந்த மடியோடுதான் தாலி கட்டிக்கொண்டேன். அழுதேன். மண்டபத்தில் இருந்தவர்கள் பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்திருப்பார்கள். அதில் பாதி சந்தோஷம், மீதி இந்த மனுஷி கடைசிவரைக்கும் திருந்தாமல் போய்விட்டாரே என்கிற ஆற்றாமை. அந்த இரண்டு வெற்றிலை மடிப்புகளும் சருகாகிற வரைக்கும் மங்குக்கு அடியிலேயே கிடந்தன. எதில் எது என்று யாரும் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்து படங்களை வாங்க ஸ்டூடியோவுக்குப் போனேன். கடைக்காரர் தாரை வார்க்கிற படத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். ஒரு பக்கம் அப்பா. மறு பக்கம் சின்னம்மா. நடுவில் வெறும் பின்துணி, அதைத் தாண்டி நீண்டு வரும் அவருடைய கை மட்டும். கடைக்காரருக்கு என்மேல் இரக்கம்.

“நடுவுல சும்மா கெடக்கற எடத்த வெட்டிட்டு ரெண்டு பேரையும் சேத்து ஒட்டி, திரும்ப எடுத்துத் தரேன்மா. கண்டே புடிக்க முடியாது.”

“வேணாம்ண்ணே. இருக்கறது இருக்கட்டும்லா.”

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. எனக்கு வந்த எரிச்சலில் மிச்சச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன். நீளமான படம், அதற்கென்று பெரிய சட்டமாகப் போட வேண்டியதாயிற்று. மாட்டுவதற்குச் சிலிபின் வீட்டுக் கூடத்தில் தோதான ஆணி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதில் மாமியாரின் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்தேன்.